இரண்டாவது வீட்டில் பிள்ளையை வாடகையின்றிக் குடிவைக்கிறீர்களா? தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

குடியிருக்க ஒரு வீடு இருக்கிறது. இன்னொரு வீட்டைக் குடித்தனக்காரர் காலி செய்துவிட்டார், அல்லது அது பூட்டியே கிடக்கிறது. வேலைக்குப் போகும் மகனோ மணமான மகளோ அங்கே போய் இருக்கட்டும், வாடகையெல்லாம் எதற்கு என்று முடிவு செய்கிறீர்கள். நல்ல முடிவுதான். ஆனால் சாவியைக் கையில் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று பெரும்பாலான குடும்பங்கள் விட்டுவிடுகின்றன. பல ஆண்டுகள் கழித்து அந்த வீட்டை விற்கவோ, மற்ற பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பிரிக்கவோ உட்காரும்போது, "இதை எனக்கென்று கொடுத்துவிட்டீர்கள் என்றுதானே இத்தனை வருடம் இருந்தேன்" என்ற பேச்சு எழும். அப்படிச் சொல்பவர் பொய் சொல்வதில்லை. முதல் நாளில் யாரும் எதையும் தெளிவாகச் சொல்லாததால், ஆளுக்கு ஒன்றாக நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

இதைத் தவிர்க்க ஒரு நாள் வேலை போதும். எந்த வரிசையில் என்ன செய்வது, எங்கே சறுக்கும் என்று பார்ப்போம்.

முதலில்: வீடு யாருடையது என்று பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்

"நம்ம வீடு" என்று எல்லோரும் சொல்வோம். பத்திரம் வேறு சொல்லலாம். இரண்டாவது வீடு பல குடும்பங்களில் அம்மா பெயரில் இருக்கும். அப்பா மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அனுமதிக்கு அங்கே மதிப்பில்லை. கூட்டுப் பெயரில் இருந்தால் பெயர் உள்ள அனைவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

கிரயப் பத்திரமோ செட்டில்மென்ட் பத்திரமோ உங்கள் பெயரில் நேரடியாக இருந்தால் அது உங்கள் தனிச்சொத்து. மணமான மகனாக இருந்தாலும், ஆகாதவனாக இருந்தாலும், பெற்றோரின் சுயசம்பாத்திய வீட்டில் அவர்கள் விரும்பும்வரைதான் இருக்கலாம், அதைச் சட்ட உரிமையாகக் கேட்க முடியாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2016 நவம்பரில் தீர்ப்பளித்தது. மகளுக்கும் இதே நிலைதான்.

பூர்வீகச் சொத்து என்றால் கதை வேறு. இந்துக் குடும்பத்தின் கூட்டுச் சொத்தில் மகனுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலமும், பிறகு நாடு முழுவதற்குமான 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலமும் மகளுக்கும் அந்தப் பங்கு வந்தது. பங்குள்ளவருக்கு "நான் அனுமதி தருகிறேன்" என்று எழுதிக் கொடுப்பதில் பொருளில்லை. அதேபோல, தாத்தாவோ அப்பாவோ உயில் எழுதாமல் இறந்து, வீடு இன்னும் அவர் பெயரிலேயே இருந்தால், வாரிசுகள் அனைவரும் உரிமையாளர்கள். அங்கே முதல் வேலை பாகப்பிரிவினை அல்லது விடுதலைப் பத்திரம் (ஒரு வாரிசு தன் பங்கை மற்ற வாரிசுக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம்). குடிவைப்பது அதற்குப் பிறகு.

பத்திரத்தோடு வில்லங்கச் சான்றையும் ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள். வீட்டின் மீது கடன் இருந்தால், வங்கியின் கடன் ஒப்பந்தத்தில் பிறரைக் குடிவைப்பதற்கு முன்அனுமதி கேட்கும் விதி இருக்கிறதா என்றும் படித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: மூன்றில் எது என்று தீர்மானியுங்கள்

வீட்டைப் பிள்ளையிடம் விட மூன்று வழிதான் உண்டு. இலவசமாக இருக்க அனுமதிப்பது, வாடகைக்கு விடுவது, செட்டில்மென்ட் எழுதிச் சொந்தமாகவே கொடுத்துவிடுவது. மூன்றும் சட்டப்படி சரியானவை, மூன்றுக்கும் தனித்தனி விதிகள் உண்டு. தொல்லை வருவது இவற்றைக் கலக்கும்போதுதான். வாடகை இல்லை என்று சொல்லிவிட்டு மாதம் ஐயாயிரம் வாங்குவது, அனுமதி என்று சொல்லிவிட்டு மாடி கட்டச் சொல்வது, "பின்னாளில் உனக்குத்தானே" என்று வாயால் சொல்லிவிட்டு உயிலில் வேறு எழுதுவது, எல்லாம் இந்தக் கலப்பில் சேரும்.

இலவச அனுமதி என்பது 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவில் வரும் உரிமம். வீட்டில் இருக்கலாம், அவ்வளவுதான். வீட்டின் மீது எந்த உரிமையும் மாறாது. இன்னொருவருக்கு அதை மாற்றிக் கொடுக்கவும் முடியாது. பன்னிரண்டு ஆண்டு இருந்துவிட்டால் வீடு இருப்பவருக்கே சொந்தமாகிவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது எதிரிடை அனுபோகத்தை, அதாவது உரிமையாளரின் அனுமதியில்லாமல் அவருக்கு எதிராகச் சொத்தைக் கைவசம் வைத்திருப்பதைப் பற்றியது. உரிமையாளரின் அனுமதியோடு இருப்பவருக்கு அது பொருந்தாது. சகோதரியின் வீட்டில் தங்கியிருந்த சகோதரர் தொடர்பான கோவா வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: இலவசமாகத் தங்க அனுமதிக்கப்பட்டவர் எத்தனை பத்தாண்டு இருந்தாலும் அதனால் சொத்துரிமை வராது. ஆனால் அனுமதியோடுதான் இருந்தார் என்பதைக் காட்ட ஏதாவது கையில் இருக்க வேண்டும். அதற்குத்தான் அடுத்து வரும் கடிதம்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. பிள்ளையிடம் மொத்தமாக ஒரு தொகையை வாங்கி வைத்துக்கொண்டு, வாடகையில்லாமல் இருக்க விடாதீர்கள். ஐந்து லட்சத்தைக் கைமாற்றாக வாங்கிய நாளிலேயே பிள்ளை குடிவந்தால், பார்ப்பவருக்கு அது போக்கியம் போலத் தெரியும். பணம் திரும்பும்வரை வீட்டை விடமாட்டேன் என்று சொல்ல இடம் கொடுத்தது போலாகும். கடன் வாங்கியே ஆக வேண்டுமென்றால் அதற்குத் தனியாகக் கடன் பத்திரம் எழுதி, வீட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அதிலேயே குறிப்பிடுங்கள்.

மூன்றாவது: அனுமதிக் கடிதம்

பெற்ற பிள்ளையிடம் எழுதி வாங்குவதா என்று மனம் கூசும். பிள்ளைக்கும் இது பாதுகாப்பு என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நாள் இருக்கலாம், காலி செய்ய எத்தனை மாதம் கிடைக்கும், போட்ட ஏசியைக் கழற்றிக்கொண்டு போகலாமா என்பதெல்லாம் அவர் கையிலும் ஒரு தாளாக இருக்கும்.

இது குத்தகை அல்ல, ஆகவே பதிவு கட்டாயமில்லை. முத்திரைத்தாளில் எழுதி, உரிமையாளர், பிள்ளை, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால் போதும். சாட்சிகளில் ஒருவர் இன்னொரு பிள்ளையாக இருப்பது நல்லது. விஷயம் அவருக்கும் முதல் நாளே தெரிந்ததாகிவிடும். மணமானவர் என்றால் மருமகளோ மாப்பிள்ளையோ படித்துப் பார்த்துக் கையெழுத்திடட்டும்.

வாசகம் ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

"கீழே கண்ட சொத்து என் சுயசம்பாத்தியச் சொத்து. என் மகள் ஆகிய நீ, இதில் குடும்பத்துடன் வாடகையின்றிக் குடியிருக்க இன்று முதல் 11 மாதங்களுக்கு அனுமதி தருகிறேன். இதற்காக வாடகையோ முன்பணமோ வேறு எந்தப் பிரதிபலனோ நான் பெறவில்லை. இது குத்தகையோ தானமோ பாகமோ அல்ல. சொத்தின் உரிமையும் சட்டப்படியான சுவாதீனமும் என்னிடமே இருக்கின்றன. என் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் நிரந்தரக் கட்டுமானம் எதுவும் செய்யக் கூடாது, வேறு எவரையும் குடிவைக்கக் கூடாது. நான் கேட்டால் மூன்று மாத அவகாசத்தில் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும். நீயாகக் காலி செய்வதென்றால் ஒரு மாதம் முன்பு சொல்ல வேண்டும்."

இதன் கீழே கதவு எண், சர்வே எண், மின் இணைப்பு எண், சொத்து வரி மதிப்பீட்டு எண் ஆகியவற்றைச் சொத்து விவரமாகச் சேர்த்துவிடுங்கள். 11 மாதம் முடிந்ததும் அதே கடிதத்தின் பின்பக்கத்தில் "மேலும் 11 மாதம் நீட்டிக்கப்படுகிறது" என்று தேதியுடன் எழுதி இருவரும் கையெழுத்திட்டால் போதும். பலர் முதல் ஆண்டு எழுதுவதோடு மறந்துவிடுகிறார்கள். 11 மாதம் முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொண்டால் மறக்காது.

நிரந்தரக் கட்டுமானம் பற்றிய வரியை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். அதே வசதியுரிமைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு, கொடுத்த உரிமத்தைப் பொதுவாக எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்கிறது. ஆனால் உரிமம் பெற்றவர் அதை நம்பித் தன் செலவில் நிரந்தரமான வேலை செய்திருந்தால் திரும்பப் பெற முடியாது என்றும் சொல்கிறது. நடைமுறையில் இது எப்படி வருகிறது என்றால், முதல் ஆண்டு சுண்ணாம்பு அடிப்பார்கள். அடுத்து சமையலறைக்கு மாடுலர் கிச்சன். பிறகு குழந்தை பிறந்ததும் மொட்டை மாடியில் ஓர் அறை, அதற்கு ஒரு படிக்கட்டு, தனி செப்டிக் டேங்க். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் "சரி, செய்துகொள்" என்றிருப்பீர்கள். கடைசியில் பதினைந்து லட்சம் பிள்ளையின் பணம் அந்தச் சுவரில் இருக்கும், இலவச அனுமதி என்ற பேச்சு அங்கே எடுபடாது.

ஆகவே பெயின்ட், பொருத்திக் கழற்றக்கூடிய அலமாரி, ஏசி, வாட்டர் ஹீட்டர் இவற்றைப் பிள்ளை தன் செலவில் வைத்துக்கொள்ளட்டும். சுவர், தளம், போர், கூரை, குழாய்ப் பாதை இவற்றில் கை வைப்பதென்றால் உங்கள் கணக்கிலிருந்தே மேஸ்திரிக்குப் பணம் போகட்டும், பில்லும் உங்கள் பெயரில் இருக்கட்டும். பிள்ளைதான் செலவழிக்க வேண்டும் என்ற நிலை வந்தால், அது கடனா, அன்பளிப்பா, பிற்காலப் பங்கில் கழியுமா என்பதைக் கடப்பாரை சுவரில் படுவதற்கு முன் எழுதிக்கொள்ளுங்கள்.

நான்காவது: வருமான வரி

வாடகையே வராத வீட்டுக்கு என்ன வரி என்று தோன்றும். ஒருவர் பெயரில் எத்தனை வீடு இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. 2019-20 நிதியாண்டு முதல் ஒருவர் தன் பெயரில் உள்ள இரண்டு வீடுகளைச் சொந்தக் குடியிருப்பாகக் காட்டி, அவற்றின் ஆண்டு மதிப்பை (வரிக்காகக் கணக்கிடும் ஆண்டு வாடகை மதிப்பை) பூஜ்யமாக எடுத்துக்கொள்ளலாம். உரிமையாளர் நேரில் குடியிருக்க வேண்டும், அல்லது வேலை வேறு ஊரில் இருப்பதால் குடியிருக்க முடியவில்லை என்று காட்ட வேண்டும் என்றிருந்த நிபந்தனையை 2025 பட்ஜெட் தளர்த்தி, எந்தக் காரணத்தால் குடியிருக்க முடியாவிட்டாலும் சரி என்று ஆக்கியது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் வரும் புதிய வருமான வரிச் சட்டத்திலும் இரண்டு வீட்டுச் சலுகை தொடர்கிறது. கணக்கு ஆளுக்குத்தான், குடும்பத்துக்கு அல்ல. கணவர் பெயரில் இரண்டு, மனைவி பெயரில் இரண்டு என்று இருந்தால் நான்கும் இதற்குள் வரும்.

இந்தச் சலுகைக்கு ஒரு நிபந்தனை: வீட்டை வாடகைக்கு விட்டிருக்கக் கூடாது, அதிலிருந்து வேறு எந்தப் பலனும் பெற்றிருக்கக் கூடாது. பிள்ளை மாதாமாதம் உங்கள் வீட்டுச் செலவுக்கு அனுப்பும் பணம் வாடகை ஆகாது. ஆனால் போனில் பணம் அனுப்பும்போது குறிப்புப் பெட்டியில் "ரென்ட்" என்று போட்டு அனுப்பும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. முதல் மாதமே சொல்லி நிறுத்துங்கள்.

ஒரே ஆளின் பெயரில் மூன்றாவது வீடும் இருந்தால், அதில் பிள்ளை இலவசமாக இருந்தாலும், நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய வாடகை உங்களுக்கு வந்ததாகவே வைத்து வரி போடுவார்கள். அந்தப் பகுதியில் மாதம் 15,000 ரூபாய் வாடகை போகும் வீடு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,80,000. நீங்கள் கட்டிய சொத்து வரி 6,000 போக 1,74,000. அதில் 30 சதவீதம், அதாவது 52,200, பராமரிப்புக்கெனக் கழியும். மீதி 1,21,800 ரூபாய் உங்கள் வருமானத்தில் சேரும். வீட்டுக்கடன் இருந்தால் வட்டியையும் கழிக்கலாம். எந்த இரண்டு வீட்டைப் பூஜ்யமாகக் காட்டுவது என்பது உங்கள் விருப்பம். ஆகவே வாடகை அதிகம் போகக்கூடிய இரண்டைத் தேர்ந்தெடுத்து, வாடகை குறைந்ததை மூன்றாவதாக விடுங்கள். சொத்து வரியை உரிமையாளரே, அதே நிதியாண்டில் கட்டியிருந்தால்தான் கழிக்க முடியும் என்பதையும் கவனியுங்கள். அந்தப் பணத்தைப் பிள்ளை கட்டிவிட்டால் அந்தக் கழிவு போய்விடும்.

பழைய வரி முறையில் இருப்பவர்கள் சொந்தக் குடியிருப்பு வீடுகளுக்கான கடன் வட்டியில், இரண்டுக்கும் சேர்த்து ஆண்டுக்கு அதிகபட்சம் 2 லட்சம் ரூபாய் கழிக்கலாம். புதிய முறையில் இந்தக் கழிவு கிடையாது.

வீட்டுக்கடனின் தவணையைப் பிள்ளை கட்டுகிறேன் என்று முன்வந்தால் யோசித்துச் செய்யுங்கள். பத்திரத்தில் பெயரில்லாத பிள்ளைக்கு அந்த வட்டியிலோ அசலிலோ வரிக்கழிவு கிடைக்காது. அதோடு, "கடனைக் கட்டியதே நான்" என்ற நியாயமான மனக்குறையும் பின்னாளில் வரும். அவர் கட்டத்தான் வேண்டும் என்றால் வீட்டில் அவருக்கும் ஒரு பங்கை எழுதிக் கொடுத்து, கடனிலும் இணைக் கடன்தாரராகச் சேர்ப்பதே நேர்மையான வழி.

அடுத்தது, சம்பளத்தோடு வரும் வீட்டு வாடகைப்படி (HRA). வாடகை கொடுக்காமல் ரசீது மட்டும் கொடுத்து அலுவலகத்தில் வாடகைப்படிச் சலுகை வாங்குவது வரி ஏய்ப்பு. ஆண்டு வாடகை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பான் எண்ணைக் கொடுத்தாக வேண்டும். உங்கள் பான் எண்ணில் அந்த வாடகை வருமானமாகக் காட்டப்படவில்லை என்றால் நோட்டீஸ் பிள்ளைக்கும் வரும், உங்களுக்கும் வரும். பிள்ளை பழைய வரி முறையில் இருந்து, இந்தச் சலுகை உண்மையாகவே வேண்டும் என்றால், வங்கி வழியாக உண்மையில் வாடகை கொடுக்கட்டும். நீங்கள் அதை வருமானமாகக் காட்டி 30 சதவீதக் கழிவு எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோருக்கு வாடகை கொடுத்துச் சலுகை பெறுவதில் சட்டத் தடை எதுவும் இல்லை. ஆனால் அப்போது இது இலவச அனுமதி அல்ல. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி வாடகை ஒப்பந்தம் எழுதி வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்ய வேண்டும்.

ஐந்தாவது: சாவி கொடுக்கும் நாள்

காலையில் வெளிச்சம் நன்றாக இருக்கும்போது இருவரும் சேர்ந்து வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். மீட்டரிலிருந்து தொடங்குங்கள். ரீடிங்கைப் படமெடுங்கள், இணைப்பு எண் தெரியும்படி. பிறகு மோட்டாரைப் போட்டு, சம்ப்பிலிருந்து மேல் தொட்டி நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். பின்னால் மோட்டார் பழுதா, போரில் தண்ணீர் குறைந்ததா என்ற கேள்வி வரும்போது இந்த எண் உதவும். ஒவ்வொரு குழாயையும் திறந்து மூடுங்கள். குளியலறைச் சுவரின் மறுபக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள், ஈரக்கசிவு இருந்தால் அங்கேதான் முதலில் தெரியும். மொட்டை மாடியில் தண்ணீர் போகும் துவாரங்களில் சருகு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். செப்டிக் டேங்க் மூடி எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது எடுத்தது என்று சொல்லுங்கள். புதிதாகக் குடிவருபவர் அதன் மேல் கார் நிறுத்தும் இடம் அமைத்துவிடுவது உண்டு.

விட்டுச் செல்லும் கட்டில், பீரோ, மின்விசிறி, இன்வெர்ட்டர் இவற்றை ஒரு தாளில் எழுதி அனுமதிக் கடிதத்தோடு இணையுங்கள். சாவியில் ஒரு செட் உங்களிடம் இருக்கட்டும். ஆனால் பிள்ளை வீட்டில் இல்லாதபோது சொல்லாமல் திறந்து போகாதீர்கள், குறிப்பாக மணமான பிள்ளை என்றால். இலவசமாக இருப்பதாலேயே அந்த வீட்டில் தனக்கென்று ஒரு மறைவு இல்லை என்ற உணர்வு மருமகளுக்கோ மாப்பிள்ளைக்கோ வந்துவிட்டால், சட்டம் சரியாக இருந்தும் உறவு கெடும்.

அப்பார்ட்மென்ட் என்றால் சங்கத்துக்கு ஒரு கடிதம் கொடுங்கள்: யார் குடியிருக்கிறார், மாதப் பராமரிப்பு யார் கட்டுவார், கூட்டத்தில் வாக்கு யாருடையது என்று. வாக்கை உரிமையாளரே வைத்துக்கொள்வது நல்லது.

ஆறாவது: எந்தச் செலவு யாருக்கு

பொதுவாக ஒத்துவரும் பிரிப்பு இது. பயன்படுத்துவதால் வரும் செலவு பிள்ளைக்கு: மின்கட்டணம், காஸ், இணையம், மாதப் பராமரிப்பு, குழாய் வாஷர், மின்விசிறி ரிப்பேர். வீடு இருப்பதால் வரும் செலவு உரிமையாளருக்கு: சொத்து வரி, கட்டட இன்சூரன்ஸ், கூரை ஒழுக்கு, மோட்டார் மாற்றுவது, வெளிச்சுவர் வண்ணம்.

சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 31க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை, ஊக்கத்தொகை கிடைக்கும். மின் இணைப்பைப் பிள்ளையின் பெயருக்கு மாற்ற வேண்டாம், வீட்டு வரியையும் வேண்டாம். அவை உரிமைப் பத்திரம் ஆகாதுதான். ஆனாலும் பல ஆண்டு ரசீதுகள் ஒருவர் பெயரில் சேர்ந்துவிட்டால் தகராறில் அவற்றைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும். பிள்ளையின் போன் எண்ணை மின்வாரியத்தில் கொடுத்துவிட்டால் குறுஞ்செய்தி அவருக்கே போகும். வீட்டிலேயே தையல் கடையோ டியூஷன் சென்டரோ தொடங்கும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள். வீட்டு இணைப்பில் தொழில் நடப்பது தெரிந்தால் கட்டண வகையை மாற்றி, முந்தைய மாதங்களுக்கும் சேர்த்துப் பணம் கேட்பார்கள். கேட்பது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்.

கட்டட இன்சூரன்ஸ் உங்கள் பெயரில் இருந்தால், குடியிருப்பவர் மாறியதை நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பிள்ளையின் டிவி, லேப்டாப், நகை ஆகியவை உங்கள் பாலிசியில் அடங்கும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். பொருள்களுக்கு அவரே தனியாக எடுத்துக்கொள்ளட்டும்.

ஏழாவது: முகவரிச் சான்று

வாடகை ஒப்பந்தம் இல்லாததால் பிள்ளை இங்கேதான் சிக்கிக்கொள்வார். குடும்பத் தலைவரின் ஒப்புதல் வழியாக ஆதாரில் முகவரி மாற்றும் வசதி 2023 ஜனவரி முதல் இருக்கிறது. ஆனால் அதில், பெற்றோரின் ஆதாரில் உள்ள முகவரிதான் பிள்ளைக்கும் வரும். நீங்கள் முதல் வீட்டில் இருப்பதால் அது இங்கே பயன்படாது. பிள்ளையின் பெயரிலேயே வரும் காஸ் இணைப்பு ரசீதோ வங்கிக் கணக்கு விவரமோ எளிய வழி. காஸ் இணைப்புக்குச் சொத்து வரி ரசீதின் நகலும், "என் வீட்டில் என் அனுமதியுடன் குடியிருக்கிறார்" என்ற உங்கள் கடிதமும் வேண்டியிருக்கும். அந்தக் கடிதத்தில் "அனுமதியுடன்" என்ற சொல்லை விடாதீர்கள். முகவரிக்காகப் போலி வாடகை ஒப்பந்தம் போடுவது கையெழுத்திட்ட அனுமதிக் கடிதத்தை நீங்களே பொய்யாக்குவது போன்றது.

எட்டாவது: மணமான மகன் என்றால்

இதைப் பேசத் தயங்குவார்கள், ஆனால் தெரிந்திருக்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், கணவனும் மனைவியும் சேர்ந்து வாழும் வீட்டில் மனைவிக்குக் குடியிருக்கும் உரிமையைக் கொடுக்கிறது. அந்த வீடு மாமனார், மாமியார் பெயரில் இருந்தாலும், தம்பதியர் நிலையாக அங்கே வாழ்ந்திருந்தால் அது பகிர்வு இல்லம், அதாவது அந்த உரிமை பொருந்தும் வீடு, ஆகலாம் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மூத்த குடிமக்கள் சட்டத்தைக் காட்டி அந்த உரிமையைத் தானாகவே துடைத்துவிட முடியாது என்று அதே ஆண்டு டிசம்பரில் இன்னொரு தீர்ப்பும் வந்தது.

மருமகளுக்கு இந்தப் பாதுகாப்பு தேவைதான். நடுத்தெருவில் விடப்பட்ட பெண்களுக்காக வந்தது அது. உங்கள் திட்டத்தில் அதற்கு இடம் கொடுத்துவையுங்கள். அந்த வீட்டை விற்றுத்தான் முதுமைச் செலவைப் பார்க்க வேண்டும் என்ற நிலையில் இருந்தால், அதில் யாரையும் ஆண்டுக்கணக்கில் குடிவைக்காமல் வாடகைக்கு விட்டுவிட்டு, அந்த வாடகையில் ஒரு பகுதியைப் பிள்ளைக்குக் கொடுத்து உதவுவதே மேல்.

ஒன்பதாவது: மற்ற பிள்ளைகளும் உயிலும்

ஒரு பிள்ளை ஆண்டுக்கு 1,80,000 ரூபாய் வாடகை மிச்சப்படுத்துகிறார் என்றால் பத்து ஆண்டில் அது 18 லட்சம். மற்ற பிள்ளைகள் வாயால் கேட்க மாட்டார்கள், மனத்துக்குள் கணக்குப் போட்டிருப்பார்கள். பங்கில் கழிப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். எதுவானாலும் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து, நீங்கள் நன்றாக இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

நீங்கள் உயில் எழுதாமல் போனால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஆணின் தனிச்சொத்து அவருடைய மனைவி, மகன்கள், மகள்கள், தாய் ஆகியோருக்குச் சமமாகப் போகும். அப்போது குடியிருக்கும் பிள்ளை இணை உரிமையாளர் ஆகிவிடுவார். அவரைக் காலி செய்யச் சொல்ல மற்றவர்களால் முடியாது, பாகப்பிரிவினை வழக்குதான் வழி. ஆகவே உயிலில் மூன்று விஷயம் இருக்கட்டும்: வீடு யாருக்கு, குடியிருப்பவருக்கு அந்த வீட்டை எழுதவில்லையென்றால் அவர் காலி செய்ய எத்தனை மாதம், இதுவரை வாடகையின்றி இருந்ததைப் பங்கில் கழிக்க வேண்டுமா இல்லையா. உயிலுக்கு இரண்டு சாட்சிகள் அவசியம். பதிவு கட்டாயமில்லை என்றாலும் செய்துவிடுவது நல்லது.

வீட்டையே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று தீர்மானித்தால், குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட் பத்திரத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம். 2023 ஜூலை முதல் அதன் உச்சவரம்பு 40,000 ரூபாய். கடைசிவரை பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறீர்கள் என்றால் அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பிள்ளை கைவிட்டால் 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவின் கீழ், 60 வயது நிறைந்தவர் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை எழுதப்படாமல் வாய்ப்பேச்சாக இருந்தால் அதை நிரூபிப்பது பெரும்பாடு.

பத்தாவது: திரும்பப் பெறும்போது

முதலில் நேரில் பேசுங்கள், பிறகு கடிதத்தில் உள்ள அவகாசத்தைக் குறிப்பிட்டு எழுத்தில் கொடுங்கள். பள்ளியில் படிக்கும் பேரன் பேத்திகள் இருந்தால் ஏப்ரல், மே மாதங்களை ஒட்டிக் காலக்கெடு வையுங்கள். கோபத்தில் மின்சாரத்தைத் துண்டிப்பது, பூட்டை மாற்றுவது, சாமானை வெளியே வைப்பது கூடவே கூடாது. சட்டவழி அல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடுத்து மறுபடியும் உள்ளே வர 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் வழி வைத்திருக்கிறது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் குற்றம் உங்கள் மேல் வந்து நிற்கும்.

பேச்சு பலிக்காவிட்டால் வக்கீல் நோட்டீஸ், அதன்பின் சிவில் நீதிமன்றம். பெற்றோரைத் துன்புறுத்தும் நிலை என்றால் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான பராமரிப்புத் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். பெற்றோரின் பாதுகாப்புக்கு அவசியம் என்று தெரிந்தால் அங்கே காலி செய்யும் உத்தரவும் கிடைக்கலாம்.

பெரும்பாலான குடும்பங்களில் அந்த அளவுக்குப் போகாது. பிள்ளை சொந்த வீடு வாங்கியோ வேறு ஊருக்கு மாற்றலாகியோ போவார். அன்றைக்கும் ஒரு சுற்று வாருங்கள்: மீட்டர் ரீடிங்கைப் படமெடுத்து அதுவரையிலான கட்டணத்தைக் கட்டச் சொல்லி, காஸ் இணைப்பையும் ஆதார் முகவரியையும் மாற்றச் சொல்லி, அனுமதிக் கடிதத்தின் இரண்டு பிரதிகளிலும் "வீடு ஒப்படைக்கப்பட்டது" என்று தேதியிட்டுக் கையெழுத்து வாங்கி, ஒன்றைப் பத்திரக் கட்டோடு வைத்துவிடுங்கள்.